பிச்சையா வீட்டுப் போர்டிகோ

பிச்சையா தன் வீட்டுப் பால்காய்ப்புக்கு என்னைக் கூப்பிடவில்லை. பத்து வருசத்துக்கு மேலாகிறது. போன கார்த்திகையில் சிவகிரியில் வைத்து ஆளும் போய்ச் சேர்ந்துவிட்டான். தகவல் வந்ததும் பட்டறையைச் சாத்திவிட்டுப் போய் மாலை போட்டேன். குனிந்து அவன் முகத்தைப் பார்த்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பால்காய்ப்புதான். என்ன செய்ய, என் புத்தி அப்படி.

டயர்கடை அப்துல்லாவைக் கூப்பிட்டிருந்தான். எதிர்த்த டீக்கடைக்காரரைக் கூப்பிட்டிருந்தான். வண்டிக்கு நம்பர் எழுதுகிற ஆர்ட்டிஸ்ட்டைக்கூட விடவில்லை. எல்லாரும் காலையிலேயே குளித்து வெள்ளை வேட்டி கட்டிப் போனார்கள். திரும்பி வரும்போது ஆளுக்கொரு மஞ்சப்பை. "வீடு சின்னதுன்னாலும் லட்சணமா இருக்கு பாத்துக்கோ" என்று அப்துல்லா என்னிடமே வந்து சொன்னான். நான் அப்போது ஒரு ஜீப் கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்தக் கதவு நிமிர்ந்ததைவிட நெளிந்ததுதான் அதிகம்.

எனக்குச் சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் டிங்கர் பட்டறை. இடிபட்டு ஒடுங்கிய வண்டிகளைத் தட்டி நிமிர்த்துகிற வேலை. அஞ்சாங்கிளாஸோடு சுத்தியலைப் பிடித்தவன், இன்னும் விடவில்லை. பிச்சையா கார் டிரைவர். அதனால் எங்கள் சகவாசம் பால்காய்ப்போடு அறுந்துபோகவில்லை. பிறகும் வருவான், டீ குடிப்பான், போவான். அந்தப் பேச்சை அவனும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அவன் வீட்டு வாசலைத் தாண்டி நான் ஒரு நாளும் உள்ளே போனதில்லை. தெருவில் நின்றே கூப்பிடுவேன், தெருவில் நின்றே பேசிவிட்டு வந்துவிடுவேன்.

அவனுக்குச் சொந்த ஊர் வாசுதேவநல்லூர். அப்பா, அம்மா இரண்டு பேரும் வயல்வேலை. பிச்சையா மீசை முளைக்கும் முன்பே புளியங்குடியிலிருந்து எலுமிச்சை ஏற்றிப் போகிற லாரியில் கிளீனராகத் தொற்றிக்கொண்டான். லாரியிலேயே ஓட்டப் படித்தான். பிறகு சங்கரன்கோவிலுக்கு வந்து ஒரு மில்காரர் வீட்டுக் காருக்கு டிரைவரானான். இருபது வருசத்துக்கு மேல் அந்த வீட்டுக் கார்தான்.

செருப்பைக் கழற்றி டிக்கியில் வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவான். வண்டி நின்றிருக்கும்போது உள்ளே உட்கார மாட்டான். கல்யாண வீடுகளில் முதலாளி குடும்பம் உள்ளே போகும். இவன் வேப்பமரத்தைத் தேடி நிற்பான். பந்தி முடிகிற நேரத்தில் யாருக்காவது நினைவு வந்தால் இலை உண்டு. இல்லாவிட்டால் வருகிற வழியில் புரோட்டா. ஒரு கீறல் விழுந்தால் போதும், வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து என் தலைமாட்டிலேயே நிற்பான்.

"மெதுவா வே. அது தகரம் இல்ல."

"தகரம் இல்லாம தங்கமா? ஒனக்கென்னவே, ஒன் வண்டியா?"

"எவன் வண்டியா இருந்தா என்ன, கையைப் பாத்து வையி."

அவனும் பெண்சாதி தங்கத்தாயும் சேர்ந்து ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம் மூன்று சென்ட் வாங்கினார்கள். அவள் நகை போனது, அவன் அப்பா பங்கு வயல் போனது, மீதிக்கு ஒரு ஹவுசிங் பைனான்ஸில் கடன். கொத்தனார் முதலில் எங்கே கயிறு கட்டட்டும் என்று கேட்டதற்கு, போர்டிகோவுக்கு என்றிருக்கிறான். மூன்று சென்டில் கார் நிற்க இடம் விட்டால் மீதி என்ன இருக்கும்? வழியில் போகிறவனெல்லாம் கேட்டான்.

"ஏல பிச்சையா, சைக்கிள் நிப்பாட்டவா இம்புட்டுப் பெரிய மண்டபம்?"

"நாளைக்கு வண்டி வந்தா வீட்டை இடிச்சிட்டா நிப்பாட்டுவாக?" என்பான்.

தங்கத்தாய் ஒரு நாள் பட்டறை வாசலில் நின்று சிரித்துக்கொண்டே சொன்னாள். "அண்ணாச்சி, அடுப்பங்கரையில நின்னு நான் திரும்பணும்னா, வெளிய போய்த் திரும்பிட்டுத்தான் உள்ள வரணும். கார் மட்டும் ராசா மாதிரி கால நீட்டிக் கெடக்கும். அந்தக் கார்தான் எங்க இருக்குன்னு தெரியல."

பல வருசம் அந்தப் போர்டிகோவில் துணிதான் காய்ந்தது.

கொரோனா வந்தது. மில்காரர் காரை விற்றார். மகன் வாங்கிய புது வண்டியை மகனே ஓட்டினான். பிச்சையா கூப்பிட்டவர்களுக்கெல்லாம் ஓட்டுகிற ஆக்டிங் டிரைவரானான். ஒரு நாள் வேலை இருக்கும், மூன்று நாள் இருக்காது. அதே நேரம் பார்த்து பைனான்ஸ்காரன் வட்டியை ஏற்றினான். கட்டிக்கொண்டே இருந்தான், அசல் மட்டும் நகரவில்லை. தங்கத்தாய் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைக்கு நின்றாள். அவள் சம்பளம் அப்படியே தவணைக்குப் போனது. இப்படியே போனால் வீடு கையில் நிற்காது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. முகத்தில் காட்ட மாட்டான். டீயில் சீனி குறைத்துப் போடச் சொல்வான். எனக்கு அதிலேயே தெரியும்.

வழி காட்டியது சுகிர்தா மேடம். ஒரு பேங்கில் கடன் பிரிவில் இருந்த அம்மா. அவர்கள் வீட்டுக்கு பிச்சையா அடிக்கடி வண்டி ஓட்டுவான். நாசரேத்துக்கு ஒரு சவாரி போகிற வழியில் பேச்சு வாக்கில் அந்த அம்மா கேட்டிருக்கிறார்கள். "இந்த வட்டிக்கு ஏன் அண்ணாச்சி அங்க கட்டுறீங்க? எங்க பேங்குக்கு மாத்திருங்க. பழைய கடனை நாங்க அடைச்சிருவோம். பத்திரம் எங்ககிட்ட வந்துரும். தவணை நல்லாக் குறையும்."

மனு கொடுத்தான். இன்ஜினியர் வந்து வீட்டை அளந்தார். வக்கீல் பத்திரம் பார்த்தார். அப்போது அந்த அம்மா ஒன்றே ஒன்று சொல்லியிருக்கிறார்கள். "பணம் மாறி, பத்திரம் எங்க கைக்கு வர்ற வரைக்கும் வேற எந்தக் கடனும் வாங்காதீங்க. தவணையில ஒரு மிக்சிகூட எடுக்காதீங்க. கடைசி நிமிசத்துல மறுபடியும் பார்ப்போம்." அவனும் தலையாட்டிவிட்டு வந்தான். அந்த வாரம் தங்கத்தாய் தவணையில் குக்கர் எடுக்கப் போனவளை, "ஏட்டி, வீட்டுக்கே வெனை வச்சிராத" என்று கடை வாசலிலிருந்து திருப்பிக் கூட்டிவந்தான். அவ்வளவு ஜாக்கிரதை.

எல்லாம் முடிந்த மாதிரிதான் இருந்தது. வக்கீல் ஒரு கையெழுத்து கேட்டார். மனையை முன்னால் விற்றவர் மும்பையில் மகன் வீட்டில் இருந்தார். அந்தக் கையெழுத்துக்காகப் பேங்க் காத்துக் கிடந்தது.

அந்த நேரத்தில்தான் காத்தாடிக் கம்பெனி வேலை வந்தது. நம் பக்கம் காற்றாலை பார்க்க வருகிற இன்ஜினியர்களுக்கு மாசவாடகைக்குக் கார் வேண்டும். மஞ்சள் போர்டு, சொந்த வண்டி, ஓட்டுகிறவன் பெயரிலேயே இருக்க வேண்டும். ஆவணி முதல் வண்டி வந்தால் போதும். ஆனால் வண்டியின் பேப்பரை அதற்கு முன்பே, இங்கிலீஷ் மாசம் ஜூலை முடிவதற்குள் காட்டுகிறவர்களுக்குத்தான் ஆர்டர்.

இனி கணக்கைப் பாருங்கள். ஜூலை பாதியில் ஆடி பிறந்துவிடும். ஆடியில் பிச்சையா ஒரு டயர்கூட மாற்ற மாட்டான், வண்டிக்கா பில் போடுவான்? ஆடிக்கு முன்னால் என்றால் ஆனி. ஆனியிலோ வீட்டுக் கடன் இன்னும் மாறவில்லை. மும்பைக்காரர் கையெழுத்து தபாலில் வருகிறது என்றார்கள்.

என் பட்டறையில் உட்கார்ந்துதான் யோசித்தான். திருநெல்வேலி ஷோரூமிலிருந்து அருண்குமார் என்ற சேல்ஸ்காரத் தம்பி அன்று நேரிலேயே வந்திருந்தான். சட்டையில் மடிப்புக் கலையாத பையன்.

"அண்ணாச்சி, ஆனி கடைசி முகூர்த்தத்துல பில் மட்டும் போட்டுக்கிடுவோம். வண்டி எங்க ஷெட்லயே நிக்கட்டும். நம்ம ஆளுக பாதிப் பேரு அப்படித்தான் செய்யுதாங்க. ஆவணியில வந்து எடுத்துக்கிடுங்க. தவணையும் வண்டி எடுத்த பெறகுதான்."

"பேங்க் அம்மா கடன் வாங்காதன்னு சொன்னாவளே," என்றேன் நான்.

பிச்சையா என்னைப் பார்த்துச் சிரித்தான். "வண்டி எடுத்தாத்தானவே கடன்? கோயில் வாசல்ல கொண்டாந்து நிப்பாட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கணும். அப்பத்தான் அது என் வண்டி. அதுவரைக்கும் கம்பெனிக்காரன் வண்டி. அங்கன நிக்கிறதுக்கு நான் எப்பிடி கடங்காரன் ஆவேன்?"

எனக்கும் சரி என்றுதான் பட்டது. நம் ஊரில் யார் பழம் நசுக்காமல் வண்டியைத் தன் வண்டி என்று சொல்லியிருக்கிறார்கள்? பட்டறைக்கு வருகிறவன்கூட "இன்னும் பழம் வைக்கல அண்ணாச்சி, அதுக்குள்ள எவனோ கீறிட்டான்" என்று சொந்தமில்லாத பொருளைப் போலத்தான் பேசுவான்.

ஆனி கடைசி முகூர்த்தத்தில் பிச்சையாவும் தங்கத்தாயும் திருநெல்வேலி போய் பில்லிலும் லோன் பேப்பரிலும் கையெழுத்துப் போட்டார்கள். வெள்ளைக் கார். சாவியைத் தட்டில் வைத்து நீட்டினார்களாம், இவன் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பக் கொடுத்துவிட்டான். வண்டிமேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டு இரண்டு பேரும் பஸ் ஏறி வந்துவிட்டார்கள். பேப்பரைக் காத்தாடிக் கம்பெனியில் காட்டினான். ஆர்டர் கிடைத்தது.

ஆடி பிறந்தது. மும்பைக் கையெழுத்தும் வந்தது. கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறி ஊர் முழுக்கக் கூட்டம். ரத வீதிப் பக்கம் வண்டி போக வழியில்லை, எனக்கும் வேலையில்லை. பிச்சையா என் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது போன் வந்தது. சுகிர்தா மேடம்தான்.

"அண்ணாச்சி, செக் போடப்போறோம். இதுக்கு நடுவுல வேற லோன் ஏதும் எடுக்கலியே?"

"இல்லம்மா," என்றான். கொஞ்சமும் தயங்கவில்லை. அவன் மனசில் அது பொய்யே இல்லை. போனை வைத்துவிட்டு எனக்கும் சேர்த்து டீ சொன்னான், சீனி தூக்கலாக.

மறுநாள் அவனை பேங்குக்கு வரச் சொன்னார்கள். என்னையும் இழுத்துக்கொண்டு போனான். அந்த அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. கம்ப்யூட்டரைத்தான் பார்த்தார்கள்.

"பொய் சொல்லிட்டீங்களே அண்ணாச்சி."

"என்னம்மா பொய்?"

"கார் லோன் இருக்கே. ஆனியிலயே பணம் போயிருக்கே."

"வண்டி ஷோரூம்லதான்மா நிக்கி. நான் இன்னும் எடுக்கவே இல்ல. பழம் நசுக்கல. வேணும்னா போன் போட்டுக் கேளுங்க."

 அந்த அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். "உங்க வருமானத்துக்கு ரெண்டு தவணை தாங்காதுன்னு மேல இருந்து திருப்பிட்டாங்க. கேட்டப்போ இல்லன்னு வேற சொன்னீங்க, அதையும் எழுதியாச்சு. பத்திரம் எங்க கைக்கு வந்த மறுநாள் நீங்க கார் எடுத்திருந்தா யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாங்க."

"ஆடி பொறந்துருமேம்மா," என்றான் பிச்சையா.

அந்த அம்மா மனுவை மடித்து அவன் பக்கம் நகர்த்தினார்கள்.  வெளியே வந்தால் தெருவெல்லாம் மேளம். கூட்டத்துக்குள் இரண்டு பேரும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டுதான் வரவேண்டியிருந்தது. அவன் கை அவ்வளவு ஈரமாக இருந்தது.

வண்டியை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான். பில் போட்டதைத் திருப்பினால் பாதிப் பணம் போய்விடும் என்றார்கள். அருண்குமார் அதற்குள் வேறு ஊர் ஷோரூமுக்குப் போயிருந்தான். அவன் போன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

ஆவணி முதல் வாரம் வண்டி வந்தது. கோயில் வாசல் தெருவில் நிறுத்தி, பூ சுற்றி, சூடம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் புளியங்குடிப் பழம் வைத்தான். நானும் போயிருந்தேன். தெருவில் நடப்பதற்கு யார் அழைப்பும் வேண்டாமே. பழம் நசுங்கிச் சாறு தெறித்தது. தங்கத்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். பிச்சையா செருப்பைக் கழற்றி டிக்கியில் வைத்தான். சொந்த வண்டிக்கும் அப்படித்தான்.

அந்தப் போர்டிகோவில் கடைசியில் கார் நின்றது. விடிகாலையில் அவன் அதைத் துடைப்பதைத் தெருவிலிருந்து பார்த்திருக்கிறேன். காத்தாடிக் கம்பெனிக்காரர்கள் நல்ல மாதிரிதான் இருந்தார்கள். ஆனால் காற்று அடங்கியதும் ஆளைக் குறைத்தார்கள். வருசம் முழுக்க என்று சொன்ன ஆர்டர் தை பிறந்ததும் நின்றது. அதன் பிறகு மாசம் இரண்டு தவணை. காருக்குக் கட்டினால் வீட்டுக்கு இல்லை, வீட்டுக்குக் கட்டினால் காருக்கு இல்லை. மறுபடி பேங்குக்கு நடந்தான். தவணை தவறிய ஆளுக்கு யார் கடனை மாற்றித் தருவார்கள்?

முதலில் காரைத் தூக்கினார்கள். ஒரு கல்யாண மண்டப வாசலில் வைத்து, சவாரிக்கு வந்தவர்கள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, இரண்டு பேர் வந்து சாவியைக் கேட்டார்கள். பிச்சையா தகராறு செய்யவில்லை. "டிக்கியில என் செருப்பு இருக்கு, அதை மட்டும் எடுத்துக்கிடுதேன்" என்றானாம். சவாரிக்காரர்களுக்கு வேறு வண்டி பிடித்துக் கொடுத்துவிட்டு நடந்து வந்திருக்கிறான்.

பிறகு போர்டிகோத் தூணில் பைனான்ஸ்காரன் நோட்டீஸ் ஒட்டினான். பிறகு பேப்பரில் ஏலம். வீட்டை எடுத்தது நம் விஜயராஜ், இரும்புக்கடைக்காரர். அவர் டெம்போவுக்கு நான்தான் பாடி வேலை பார்க்கிறேன். கெட்ட மனுசர் இல்லை. ஏலத்தில் வந்தது, எடுத்தார். காலி செய்யச் சொன்ன நாளுக்கு முந்தின நாளே பிச்சையா பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டான். தங்கத்தாயின் தம்பி சிவகிரியில் ஒரு வீட்டின் பின்பக்கத்தை வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தான். பிச்சையா அங்கே ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டினான். நெஞ்சுவலி அப்போதே இருந்திருக்கிறது. வாயுப் பிடிப்பு என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறான்.

அவன் சாவதற்கு முந்தின மாசம், ஐப்பசியில், நல்ல மழை நாளில், சிவகிரி பஸ்ஸில் வந்து இறங்கினான். ஆள் பாதியாகியிருந்தான். பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் தலையைத் துவட்டினான். டீ வாங்கிக் கொடுத்தேன். சீனியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"விஜயராஜ் எப்பப் பால் காய்ச்சுதாரு?" என்று கேட்டான்.

"தையிலன்னாரு."

"ஒன்னைக் கூப்பிடுவாரா?"

"எவனும் கூப்பிடாட்டாலும் அவர் கூப்பிடுவாரு," என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது.

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "பத்து வருசமா மனசுல வச்சிருக்க, என்னவே?"

நான் சுத்தியலைத் தேடுவதுபோலக் குனிந்தேன்.

"நான் பால் காய்ச்சுன சமயம் ஒன் பட்டறையில ஈ.பி.காரன் கரண்டைப் புடுங்கிட்டுப் போயிருந்தான்லா. பணம் கட்டாம மூணு வாரம் கெடந்த. நான் கூப்பிட்டா நீ வெறுங்கையோட வருவியா? எங்கயாவது வட்டிக்கு வாங்கிட்டு வந்து மொய் எழுதுவ. வந்த ஆளுக அம்புட்டுப் பேருக்கும் மேல எழுதுவ. எனக்குத் தெரியாதாவே ஒன்னை?"

"சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா வந்திருப்பியே."

மழை தகரத்தில் அடித்தது. இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சிவகிரி பஸ் வருகிற நேரம். அவன் எழுந்து துண்டைத் தலையில் போட்டான். இரண்டடி போனவன் திரும்பி வந்தான்.

"ஒரு காரியம் செய்யி. பால்காய்ப்புக்குக் கூப்பிட்டா போயிரு. வீம்பு பண்ணிட்டுத் தெருவுல நிக்காத, உள்ள போ. போர்டிகோ கான்கிரீட்டும் அடுப்பங்கரைச் சுவரும் சேருற எடத்துல ஒரு வெடிப்பு உண்டு. கார் நிக்கணும்னு நான் இழுத்துப் போட்டதுல வந்தது. நல்ல மழை பெஞ்சா அங்கன தண்ணி எறங்கும், கரண்டு சுவிச்சும் அங்கனதான் இருக்கு. ஏலத்துல போன வீடு, சொல்ல எனக்கு எடம் இல்லாமப் போச்சு. புதுசா பெயிண்ட் அடிச்சிருப்பாரு, கண்ணுக்குத் தெரியாது. அந்த வீட்டு அம்மாகிட்ட நீ சொல்லிரு. அந்தச் சுவத்துல ஈரக்கையை வைக்க வேண்டாம்னு சொல்லிரு."